திறக்காத கணக்கு

"இதுக்கா என்னைக் கூப்பிட்டீங்க?" என்று கேட்டபடி மூளை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

மூளை என்பது அலுவலகம் அவருக்கு வைத்த பெயர். கேலிக்கு வைத்தது. அவர் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு நான்கு வருடமாகிறது.

பக்கத்தில் நின்றவள் சோதனைப் பிரிவுக்காரி. அவர் எழுதும் நிரலில் ஓட்டை தேடுவது அவள் வேலை. அவளுக்கு அவர் வைத்த பெயர் சந்தேகம்.

மூளை கட்டியிருந்தது, மாற்றுச் சிறுநீரகத்துக்காகக் காத்திருப்பவர்களின் வரிசை. பிளாக்செயின் என்ற பொதுப் பேரேட்டில் தானாகவே ஓடும் இரண்டு நிரல்கள்; ஸ்மார்ட் கான்ட்ராக்ட் என்பார்கள். ஆஸ்பத்திரியின் கான்ட்ராக்ட் நோயாளியின் விவரத்தை எடுத்துக்கொண்டு வரிசையின் கான்ட்ராக்டை அழைக்கும். அது பதிவுத் தேதிப்படி ஆளை வரிசையில் நிறுத்தும். நடுவில் மனிதக் கை கிடையாது. சிபாரிசும் செல்லாது.

"அழைக்கிறதுக்கு முன்னாடி அந்த ஆள் பேர்ல வரிசையில ஒரு கணக்கு திறந்திருக்கணும் சார். சின்ன ஆஸ்பத்திரிங்க திறக்கவே இல்ல. அவங்க அனுப்புற அழைப்பு அப்படியே திரும்பிடுது. ஆனா அவங்க திரையில 'அனுப்பியாச்சு'ன்னு காட்டுது. அறுபத்து மூணு பேர் வரிசையிலயே இல்ல."

மார்ச்சிலிருந்து அவள் இந்தப் புகாரைக் கொண்டுவருவது இது நான்காவது முறை. முதல் மூன்று முறையும் 'பயனர் தவறு' என்று இரண்டே சொல்லில் எழுதி மூடிவிட்டார்.

திறந்துவிட்டுத்தான் அழைக்க வேண்டும் என்பது எந்த மடையனுக்கும் தெரியும். தெரியாத மடையர்களுக்காக அவர் நிரல் எழுதுவதில்லை.

இன்று மேலாளர் சொன்னதால் வந்திருந்தார். மேலாளரும் மடையர்தான்.

'கணக்கு இல்லையென்றால் திறந்துகொள்.' ஒரே ஒரு வரி. சேர்க்க இரண்டு நிமிடம் ஆனது. சோதனைத் தளம் பக்கமே போகாமல் நேரே ஓடிக்கொண்டிருக்கும் வரிசையில் ஏற்றினார். சோதனையெல்லாம் தன்மேல் நம்பிக்கை இல்லாதவர்களுக்கு.

"டெஸ்டுக்கு ஒரு நோயாளி நம்பர் சொல்லுங்க."

பதினொரு இலக்கத்தையும் அவள் மடமடவென்று சொன்னாள். கையில் ஒரு தாள் இருந்தது. அதை அவர் முன்னால் நீட்டினாள்.

"சார், ஒரு நிமிஷம் பொறுங்க. பழைய தேதியை முதல்ல..."

தாளை முழங்கையால் ஒதுக்கிவிட்டு விசையைத் தட்டினார்.

கணக்கு திறக்கப்பட்டது. பதிவுத் தேதி: இன்று. வரிசையில் இடம்: 412.

"அவ்வளவுதான். இதுக்கு எட்டு மாசமா மூக்கால அழுதீங்க."

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தேதி இன்னைக்குன்னு விழுந்திருக்கு. இவர் மார்ச்சுல பதிஞ்சவர். மாத்த முடியுமா சார்?"

"ஒருதடவை விழுந்தா நானே நினைச்சாலும் மாத்த முடியாது. அதுதாம்மா இதோட அழகே." சோம்பல் முறித்தார். "உங்க டெஸ்ட் ஆள் கடைசியில நின்னா கால் வலிக்குமா என்ன? நகருங்க, மிச்சத்தையும் ஏத்திவிட்டுடறேன்."

அவர் கைக்குக் கீழிருந்து விசைப்பலகையை அவள் உருவி எடுத்தாள்.

"மத்த அறுபத்திரண்டு பேரைத் தொடாதீங்க."

மூளைக்குக் கோபம் வர வேண்டிய இடம். வரவில்லை. அவள் பார்த்த பார்வை அப்படி. நடைபாதையில் எதையோ மிதித்துவிட்டு, செருப்பைத் திருப்பிப் பார்ப்பார்களே, அது.

விசைப்பலகையை மேசையின் மறுகோடியில் வைத்தாள். தாளை நான்காக மடித்துக் கைப்பைக்குள் போட்டாள். ஜன்னல் பக்கம் போய்க் கைப்பேசியை எடுத்தாள்.

"என்னங்க, சாப்பிட்டீங்களா? ... ம், பார்த்துட்டேன். உங்க பேர் வரிசையில இருக்கு."

அந்தப் பக்கத்திலிருந்து ஏதோ கேட்டார்கள்.

"எத்தனாவதா?" அவள் திரும்பி மூளையைப் பார்த்தாள். "இருங்க, சாரே இங்கதான் இருக்கார். அவரையே சொல்லச் சொல்றேன்."

கைப்பேசியை அவர் முன்னால் நீட்டினாள்.