கழுவிய காயம்

பட்டறைத் தகரக் கூரையின் ஓட்டை வழியே மதிய வெயில் ஒற்றைக் கோடாய் இறங்கி, மாதாவின் மடியில் சாய்ந்து கிடக்கும் இயேசு சிலையின் விலாக் காயத்தில் விழுகிறது. இருபது வருடமாய் இப்படி ஒவ்வொரு சிலையின் காயத்திலும் கஞ்சத்தனம் பார்க்காமல் சிவப்பை வழியவிட்டவள், சிலைகளுக்கு வர்ணம் பூசுகிறவள், இன்று சிவப்பு டப்பாவின் மூடியைக்கூடத் திறக்கவில்லை. விபத்தில் போன மகனை ஆஸ்பத்திரியிலிருந்து வாங்கி அடக்கம் செய்து பதினேழு நாள்தான் ஆகிறது. ஈரத்துணியால் இயேசுவின் பிளாஸ்டர் விரல்களின் இடுக்குகளை ஒவ்வொன்றாய்த் துடைத்துக்கொண்டிருக்கிறாள். சிலையை எடுத்துப்போக வந்த பாதிரியார் குனிந்து பார்க்கிறார். “காயத்துல ரத்தமே இல்லையேம்மா. மறந்துட்டீங்களா?” மின்விசிறி கடகடக்கிறது. அவள் துணியை வாளியில் அலசிப் பிழிகிறாள். தண்ணீர் தெளிவாகவே இருக்கிறது. “கழுவித்தான் சாமி பெத்தவ கையில குடுப்பாங்க” என்கிறாள், நிமிராமலே.