கயிறு மைத்துனன் கையில்

சங்கு குளிக்க இறங்குபவனின் கயிற்றையும் காற்றுக் குழாயையும் பெண்டாட்டியின் தம்பியிடம்தான் கொடுப்பார்கள். அக்கா தாலியறுக்க எந்தத் தம்பி சம்மதிப்பான்?

அந்த நம்பிக்கையில்தான் கட்சியின் கிளைச் செயலாளர் சந்தியாகுவும் மைத்துனன் இஞ்ஞாசியைப் படகில் வைத்திருந்தான்.

"அத்தான், ஒரு கேள்வி. ஒருத்தன் சாகக் கெடக்கான். காப்பாத்தினா தேர்தல்ல கட்சி தோக்கும். விட்டுட்டா அனுதாப ஓட்டுல செயிச்சிரும். நீரு என்ன செய்வீரு?"

சந்தியாகு சிரித்தான். "இதுல யோசிக்க என்னல இருக்கு? ஆளு வருவான், போவான். கட்சிதாம்ல முக்கியம். விட்டுருவேன்."

"நீரு இப்படித்தான் சொல்லுவீருன்னு அக்காவும் சொன்னா. எதுக்கும் ஒரு வார்த்தை கேட்டுக்கிடச் சொன்னா."

"மெற்றில்டா என் பொண்டாட்டில்லா! அவளுக்கும் அரசியல் வந்துட்டுல!"

பெருமையோடு குழாயைக் கடித்துக்கொண்டு குதித்தான்.

கடலடியில் சங்கைத் தொட்டபோது குழாயில் காற்று நின்றது. இடுப்பில் கட்டிய ஈயம் கனத்தது. பதறிப்போய்க் கயிற்றைச் சுண்டினான். கயிறு மொத்தமும் சுருள் சுருளாக அவன் தலையிலேயே வந்து இறங்கியது.

வார்டு பெண்களுக்கென்று ஒதுக்கப்பட்டதும், தலைமையின் காலில் விழுந்து மெற்றில்டாவுக்குச் சீட்டு வாங்கிக் கொடுத்ததே அவன்தான்.