பட்டம் இருந்ததா?

"ஆசிரியர் இறக்கும்போது நடுவுல கன்ட்ரோல் ஸ்டிக்கைப் பிடுங்கினியா, இல்லையா?"

"பிடுங்கினேன், ஐயா" என்றாள் லாரஸ். பதினேழு வயதுக்காரி; இளம் விமானப் பிரிவின் சீருடையில் முழங்கால் வரை செம்மண். ஓடுதளத்துக்கு அப்பால், மரவள்ளித் தோட்டத்தில், இறக்கை முறிந்த கிளைடர் விமானம் குப்புறக் கிடந்தது.

ஜன்னலில் சக மாணவர்கள் முண்டியடித்தார்கள். "கிழங்கு பிடுங்க எறங்கினாளாம்டா!" என்று ஒரு குரல். குபீர்ச் சிரிப்பு.

பயிற்சித் தலைவர் குந்தோரோ சிரிக்கவில்லை. "இறக்கிக் காட்டினது அவரு. நீ முன்சீட்டுல உக்காந்து பாக்க வேண்டியவ. எதுக்குக் கை வச்சே?"

"எதிர்ல பட்டம், ஐயா. மூங்கில் கட்டின பெரிய பட்டம். 'பட்டம், பட்டம்'னு கத்தினேன். சார் திருப்பவே இல்ல."

"தேடிப் போனவங்க வெறுங்கையோட வந்துட்டாங்களே!"

ஓடுதளத்துப் பக்கம் பட்டம் விடக் கூடாது என்பது ஜாவாவில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். விட்டவன் இந்நேரம் சுருட்டி ஒளித்திருப்பான். 

நாளை அவள் முதன்முதலாகத் தனியாகப் பறக்க வேண்டியவள். தயார் செய்தது, இன்று அவளோடு பறந்த தர்சோனோ சார்தான். மேலே போனால் உயரம் காட்டும் கருவியை அவள் ஓயாமல் உரக்கப் படித்துக்கொண்டே வரவேண்டும். "வாய்விட்டுச் சொன்னாத்தான் புத்தியில நிக்கும்" என்பார். வேறு எந்த ஆசிரியரும் அப்படிக் கேட்பதில்லை.

அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"நீங்க சொல்லுங்கண்ணே, பட்டம் இருந்துச்சா?" என்று குந்தோரோ மூலைப் பக்கம் திரும்பினார்.

மூலை நாற்காலியில் இருந்த தர்சோனோ தலை நிமிரவில்லை. "அவ கத்தினா. நானும் பார்த்தேன். எதுவும் தெரியல."

லாரஸ் அவர் பக்கம் திரும்பினாள். "சார்... நேரா எதிர்லயே இருந்துச்சே, சார்!"

"பொய் வேறயா?" குந்தோரோ எழுந்தார். "பயத்துல கை வச்சுட்டேன்னு சொல்லியிருந்தா மன்னிச்சிருப்பேன். சின்னத்தைக் கழட்டி வச்சுட்டு வீட்டுக்குப் போ."

தொப்பிச் சின்னத்தின் ஊசி விரலில் ஏறியது. எப்படியோ கழற்றி மேஜையில் வைத்தாள். விறைத்து நின்று ஒரு சல்யூட். அழுகையை வாசல் தாண்டும்வரை அடக்கிவிட வேண்டும் என்று திரும்பி நடந்தாள்.

"நில்லும்மா."

தர்சோனோ எழுந்து வந்தார். தன் சட்டையிலிருந்த விமானி இறக்கைச் சின்னத்தைக் கழற்றி, அவளுடைய சின்னத்தின் பக்கத்தில் வைத்தார்.

"பட்டம் இருந்திருக்கும், தம்பி. கொஞ்ச நாளா எனக்குத்தான் கண்ணு தெரியல."