அட்டைத்தாள்

ஃபேஷன் இதழின் ஆசிரியர் வசுமதிக்கு நேரில் நன்றி சொல்ல, தையல்காரி சகாயராணி சாத்தான்குளத்திலிருந்து வந்திருந்தாள்.

"எந்த டிசைன் பிடிச்சுது?" என்று ஆவலோடு கேட்டாள் வசுமதி.

"டிசைன் ஒண்ணும் எங்க ஊருக்கு ஆகாதுக்கா. தாளுதான். நியூஸ்பேப்பர்ல அளவு வெட்டுனா ரெண்டு தடவைல கிழிஞ்சிரும். உங்க புக்கு அட்டை எட்டு வருசமா நிக்கு."

பையிலிருந்து, அந்த அட்டைகளில் வெட்டிய ரவிக்கை அளவுத்தாள்களை எடுத்துப் பரப்பினாள். வசுமதி தேடித்தேடிப் பிடித்த அழகிகளின் முகங்கள் மேல் பேனாவால் ஊர்ப் பெண்களின் பெயர்கள் எழுதப்பட்டிருந்தன. மரியபுஷ்பத்தின் தாளில் முதுகு கூனியிருந்தது. செல்லக்கனியின் தாளில் ஒரு மார்புக்கு மட்டுமே இடம் விட்டிருந்தது.

வசுமதி அந்தத் தாளை எடுத்து, வெட்டிய ஓரத்தை விரலால் தடவினாள்.

சகாயராணி அவளைப் பார்த்தாள். "உங்களுக்கு இடது தோளு கொஞ்சம் எறங்கியிருக்குல்லா? தச்சவங்க பஞ்சு வச்சு மறைச்சிருக்காவ. வேண்டாம்க்கா. அதுக்குத் தக்கன வெட்டிக்கிடலாம்."

அச்சுக்குப் போகும் வசுமதியின் ஒவ்வொரு படத்திலும் அந்தத் தோளைக் கணினியில் உயர்த்திவிடுவார்கள்.

இன்னும் கடைக்கு வராத அடுத்த மாத இதழ் மேசையில் கிடந்தது. அதன் அட்டையைக் கிழித்து நீட்டினாள் வசுமதி. பிறகு தோளிலிருந்த பஞ்சை உருவிப் போட்டுவிட்டு, அளவு கொடுக்க எழுந்து நின்றாள்.