முனைவரும் இஸ்திரிப் பெட்டியும்

எண்ணூறு டிகிரி சூட்டில் டைட்டானியம் அலுமினைடு எப்படி வளையும் என்று அறிந்த மேதைகள் இப்பூவுலகில் வெகு சிலரே. அவர்களில் ஒருவரான முனைவர் அருள்ராஜ், ஆரணியில் தன் பாராட்டு விழாவுக்குக் கட்டப்போகும் பட்டு வேட்டியை இஸ்திரி போடுகிறார். ஜன்னல் வெயிலில் ஜரிகை மின்னுகிறது. "அந்த உலோகம் உள்ள அடுக்கடுக்கா இருக்கும் கனி. சூட்டுல அழுத்துனா அடுக்கு கலைஞ்சி உருண்டை உருண்டையா ஆயிடும்" என்று மனைவிக்கு விளக்குகிறார். விளக்கும் மும்முரத்தில் பெட்டி ஒரே இடத்தில் நிற்கிறது. தூக்கினால் துணி உருகி அடியில் பிசின்போல் இழுபடுகிறது. வேட்டியில் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை. "பேசிகினே ஓட்ட போட்டுட்டீங்களே! அப்பா வாசல்ல வண்டிய ஸ்டார்ட் பண்ணிகினு நிக்கிறாரு!" என்று கத்துகிற கனிமொழி, ஓட்டையின் விளிம்பைத் தடவிப் பார்த்துவிட்டுச் சட்டென்று வாயை மூடிக்கொள்கிறாள். பட்டு கருகும், உருகாது. அந்த வேட்டியை நயம் பட்டென்று சொல்லி மாப்பிள்ளைக்குக் கல்யாணத்தில் கொடுத்தவர், பட்டுக்கடை வைத்திருக்கும் அவளுடைய அப்பா.