சொந்தமா, வாடகைக்கா?

"சொந்தமா இருக்கவா, வாடகைக்கு விடவா?"

தரைக்கடிக் குழாய்களில் வெந்நீர் ஓட்டி வீட்டைச் சூடாக்கும் பழைய பாய்லரின் மூடியைக் கழற்றியபடியே மெக்கானிக் தாக் கேட்டார்.

வீட்டுக்காரி மால்சுன் வாயைத் திறந்தாள். மூடினாள். பின்பக்க பால்கனியின் கதவருகே குடித்தனக்காரி நின்றுகொண்டிருந்தாள். தாமியின் அம்மா.

"அதை ஏன் கேக்கறீங்க?" என்றாள் மால்சுன்.

"வாடகைக்குன்னா இந்தச் சின்னது போதும், முதலாளியம்மா. வீட்டுக்காரங்க எல்லாம் இதைத்தான் போடறாங்க. தரை சுட்டாலும் குடித்தனக்காரங்க முதுகு, சுடலைன்னாலும் அவங்க முதுகு."

"இவங்களே இங்க குடி வராங்க," என்றாள் தாமியின் அம்மா. "மார்ச் கடைசியில நாங்க காலி பண்றோம்."

தாக் நிமிர்ந்து பார்த்தார். "அப்படிச் சொல்லுங்க. அப்போ பெரிசுதான்."

மால்சுன் தலையாட்டினாள். குடிவரும் எண்ணமே அவளுக்கு இல்லை. குடித்தனக்காரர் கேட்டால், பழைய வாடகையை ஒட்டியே இன்னும் இரண்டு வருடம் தர வேண்டும் என்பது சட்டம். வீட்டுக்காரரே குடிவருவதாக இருந்தால் மறுக்கலாம். அதனால் போன மாதம் அப்படிச் சொல்லிவிட்டாள். தரகரிடம் ஒன்றரை மடங்கு வாடகை சொல்லி வைத்திருந்தாள். இன்னும் பத்து வாரம் பொய் தாங்கினால் போதும். அதற்குள் பாய்லர் செத்துவிட்டது.

கொரிய ஊரான வோன்ஜூவில் அன்று பகலிலேயே மைனஸ் பதினொன்று டிகிரி. தரை கல்லாகக் கிடந்தது.

"நடுத்தரமா ஒண்ணு இருக்குமே?" என்றாள்.

"இருக்கு. ராத்திரி பூரா கர்ருனு கத்தும். உங்க படுக்கையறை இந்தச் சுவத்துக்கு அந்தப் பக்கம்தானே?"

"எனக்குக் காது கொஞ்சம் மந்தம்."

"முழங்கால்?" என்றாள் தாமியின் அம்மா. "மூணு மாடி ஏறி வந்து ஜில்லுனு தரையிலயா படுப்பீங்க? உங்க வீடு, உங்க உடம்பு. பார்த்துக்குங்க, வீட்டுக்காரம்மா."

பால்கனியில் மூன்று அடிதான் இடம். மால்சுன் மூன்று அடி போனாள். மூன்று அடி வந்தாள். தாக் கொண்டுவந்திருந்த சின்னதைப் பார்த்தாள். அவருடைய விலைப்பட்டியலில் பெரியதன் படத்தைப் பார்த்தாள். மறுபடி நடந்தாள்.

"நிதானமா யோசிங்க, முதலாளியம்மா," என்றார் தாக். "என்ன, என் விரல் விறைச்சுப் போனா நீங்கதான் ஸ்பேனர் பிடிக்கணும்."

உள்ளே, கோட்டும் தொப்பியுமாகப் போர்வைக்குள் கிடந்த ஆறு வயது தாமி கத்தினாள். "அம்மா! என் வாயில புகை வருது பாரு!"

"வாயை மூடிக்கோ, வராது," என்றாள் அம்மா.

மால்சுனின் போன் அடித்தது. தரகர். மாடிப்படிக்கு ஓடி, கதவைச் சாத்திக்கொண்டாள்.

"அம்மா, ஆள் கிடைச்சாச்சு. நீங்க சொன்ன வாடகைக்கு மறுபேச்சே பேசலை. ஒரே ஒரு கேள்வி. பாய்லர் எப்படின்னு."

"புதுசு."

"புதுசுன்னா சின்னதா, பெரிசா? இருக்கறதுலயே நல்லதாப் போட்டிருந்தா இன்னிக்கே ஆறு மணிக்குக் கையெழுத்துப் போடறாராம். இல்லைன்னா எதிர்த் தெரு வீட்டைப் பார்க்கப் போயிடுவாராம்."

"பெரிசுதான்! இப்பத்தான் மாட்டிக்கிட்டு இருக்காங்க."

"அப்போ அங்கேயே கூட்டிட்டு வரட்டுமா?"

"ஐயோ, இங்க வேண்டாம். உங்க ஆபீஸ்லயே இருக்கச் சொல்லுங்க. நான் வரேன்."

திரும்பி வந்தபோது அவள் முகம் தெளிந்திருந்தது.

"பெரிசையே போடுங்க. படுக்கப்போறது நான்தானே."

"அறைக்கு அறை தனி வால்வு இருந்தா நல்லது," என்றாள் தாமியின் அம்மா.

"போடுங்க."

"பால்கனியில இருக்கற பழைய குழாயில பாதி துரு. அதையும்..." என்று இழுத்தாள் அவள்.

"மாத்துங்க, மாத்துங்க."

தாக் சிரித்தார். "தனக்குன்னு வந்தா கை எப்படித் தாராளமாயிடுது பாருங்க!"

நாலு மணிக்குப் புது பாய்லர் சத்தமில்லாமல் எரியத் தொடங்கியது. தாக் காசை வாங்கிக்கொண்டு கிளம்பினார். மால்சுன் கிளம்பவில்லை. உள்ளே போய்த் தரையைத் தொட்டுப் பார்த்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள். மறுபடி தொட்டாள். தரகர் அலுவலகத்தில் யாராவது கேட்டால், சுடுகிறது என்று பொய்யில்லாமல் சொல்ல வேண்டும்.

ஐந்தரைக்குத் தரை சுட்டது. தாமி காலுறைகளைக் கழற்றி எறிந்துவிட்டு, தவளை மாதிரி குப்புற விழுந்தாள்.

"சரி, நான் வரேன்," என்று மால்சுன் செருப்பைத் தேடினாள். "ஒரு சின்ன வேலை இருக்கு."

"தரகர் ஆபீஸ்தானே?"

மால்சுனின் கால் செருப்புக்குள் பாதியில் நின்றது.

"இந்த வீடு வாடகைக்குன்னு அவர் கடைக் கண்ணாடியில ஒட்டியிருக்காங்களே, வீட்டுக்காரம்மா, போட்டோவோட. போன வாரம் தண்ணி ஒழுகுதான்னு பார்க்க வந்தப்ப எடுத்தீங்களே, அதான். சுவத்துல தாமி கிறுக்கின திமிங்கிலம் அப்படியே தெரியுது."

மால்சுன் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"பதறாம போய்ட்டு வாங்க. பெரிய பாய்லர்தான் வேணும்னு அடம்பிடிச்ச அந்த ஆள், நாங்க பழைய வாடகையை ஒட்டியே இன்னும் ரெண்டு வருஷம் இங்கேயே இருக்கோம்னு எழுதின தாளோட அங்க உட்கார்ந்திருக்கார்," என்றாள் அவள். "தாமியோட அப்பா."