மணமில்லாத வாயு

நூலக ஜன்னலில் உட்கார்ந்து, போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் வாய்விட்டுச் சொல்வதையெல்லாம் மைனா மனப்பாடம் செய்துவந்தது. “நீயா பரீட்சை எழுதப் போகிறாய்?” என்று சிட்டுக்குருவி கேலி செய்யும்.

ஒரு மழைநாளில், பக்கத்து இஸ்திரிக்காரர் கரி அணையும் முன்பே கடையைச் சாத்திவிட்டுப் போனார். உள்ளே உத்தரத்தில்தான் குருவியின் கூடு இருந்தது. இரை கொண்டுபோன குருவி பதறியடித்து மைனாவிடம் வந்தது.

“குஞ்சுகள் வாயே திறக்கவில்லை. தூங்கி விழுகின்றன.”

“புகை இருக்கிறதா?”

“புகையும் இல்லை, நாற்றமும் இல்லை.”

“நிறமும் மணமும் இல்லாத நச்சு வாயு, கார்பன் மோனாக்சைடு!” என்று கத்திய மைனா, ஓட்டு இடுக்கில் பாய்ந்து நுழைந்தது. இரண்டும் சேர்ந்து குஞ்சுகளை ஒவ்வொன்றாக வெளியே இழுத்துவந்தன.

ஈரக்காற்று பட்டதும் மூன்று வாய்களும் மெல்லத் திறந்தன. குருவி மைனாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது.

“மைனாக்கா, வேறென்னவெல்லாம் தெரியும் உங்களுக்கு?”